மச்சான் எழுதிய வேலைப் பட்டியல்

கமுந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தடுப்புக்காவல் முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கோ இது வேலைக்காகவே உண்டான ஊர். கெலியான் பாரு, அதாவது புதிய சுரங்கம் என்பதுதான் இதன் பழைய பெயர். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் பேராக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகள் கமுந்திங் ராயா தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்பா மரம் சீவி எடுத்த பாலில், மகன் கையுறை செய்தான்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் என் அக்காள் கணவர். ஒரே தொழிற்சாலையில் 19 வருடம் இயந்திரப் பராமரிப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் கையுறைக்கு உலகமே வரிசையில் நின்றது. இவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லை. அந்தத் தேவை ஓய்ந்ததும் உற்பத்தி லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2023இல் இவருடைய முறை வந்தது. வயது 46. கையில் எஸ்.பி.எம். சான்றிதழ் மட்டும்.

ஆட்குறைப்பு நாளில் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் கணக்கு சீக்கிரம் முடியும் என்றார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, “இது நீங்களா வேலைய விடுறேன்னு எழுதின கடிதம். போடாதீங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையின் மதிப்பைச் சொல்லியாக வேண்டும். 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிமுறைகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. மச்சானுக்கு அது 380 நாள் சம்பளம். தானாக விலகியவருக்கு இது கிடையாது. 2018 முதல் நடப்பில் உள்ள சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டமும் தானாக விலகியவருக்கு உதவாது. சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்து, வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தால், பழைய சம்பளத்தைக் கணக்கில் வைத்து முதல் மாதம் 80 விழுக்காடு, பிறகு குறைந்துகொண்டே ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு. நம்மவர்களில் பலர் சம்பளச் சீட்டில் இதற்கான பிடித்தத்தைப் பார்த்திருப்பார்கள். எதற்கென்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பணம் கொஞ்சம் மூச்சு விட வைத்தது. ஆனால் மச்சான் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். “இனிமே யாரு மாப்ளே என்னைய எடுப்பாங்க? எனக்கு என்னா தெரியும்?”

சுயவிவரம் எழுதலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரே வரி எழுதினார்: ‘மெக்கானிக், 19 வருடம்’. பேனாவை வைத்துவிட்டார்.

பிறகு பேச்சுக் கொடுத்தேன். கையுறை லைன் எப்படி ஓடும் என்று கேட்டேன். கை வடிவத்தில் பீங்கான் அச்சுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியில் தொங்கி ஓடுமாம். அமிலத்தில் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, பால் தொட்டியில் இறங்கி, வெந்நீர்த் தொட்டி, அடுப்பு எல்லாம் தாண்டி வந்தால் கடைசியில் கையுறையை உரித்தெடுப்பார்கள். சங்கிலி நின்றால் அடுப்புக்குள் மாட்டியது வீண்.

“நின்னா என்ன செய்வீங்க?”

“நிக்கிறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிடும். சத்தத்த வச்சே எந்த பேரிங்னு சொல்லிடலாம். அது எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்குமா?”

கொஞ்சம் யோசித்தார். “புதுசா வந்த நேப்பாள், வங்காளதேசப் பசங்களுக்குத் தெரியாது. நான்தான் மலாய்ல சொல்லிக் கொடுத்தேன்.”

மூன்று இரவு இப்படியே போனது. கியர்பாக்ஸ் கழற்றி மாட்டியது, அடுப்பின் பர்னரைச் சரிசெய்தது, உதிரிப்பாகக் கணக்கு வைத்தது, எட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுத்தது என்று நான்கு பக்கம் வந்தது. முதலாம் படிவத்திலிருந்து அவரைத் தெரிந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இவ்வளவும் நீயா?” என்று கேட்டது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது.

அந்த நான்கு பக்கத்துக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை (எஸ்.கே.எம்.) பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பி.பி.தி. என்று ஒரு வழி உண்டு. ஏற்கெனவே பெற்ற அனுபவத்தை அங்கீகரிப்பது. செய்த வேலைக்கான ஆதாரங்களை, அதாவது வேலைப் பதிவுகள், படங்கள், மேலாளரின் கடிதம் முதலியவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் சோதித்துப் பார்ப்பார். பழைய மேலாளரிடம் கடிதம் வாங்கத்தான் மச்சான் மிகவும் தயங்கினார். அந்த மனிதரோ மறுநாளே எழுதிக் கொடுத்தார். வேலை போகும்வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே இந்தக் காகிதங்களைச் சேர்ப்பது எவ்வளவோ சுலபம்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் அக்காள் மகன். எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தான். ‘ஏதாவது ஒரு டிகிரி’ என்பது வீட்டாரின் ஆசை. பட்டப்படிப்பில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்த ‘ஏதாவது’தான் இடித்தது. ஒரு சனிக்கிழமை அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டையைச் சுற்றினேன். கேட்டுகளில் தொங்கும் ‘ஜாவாத்தான் கோசோங்’ பதாகைகளில் என்னென்ன வேலை கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன்.

‘சார்ஜ்மேன்’, ‘பாய்லர்மேன்’ என்ற இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்ப எழுதினான். சார்ஜ்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நீராவிக் கொதிகலன் ஓட்டுபவருக்குத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் சான்றிதழ் வேண்டும். சட்டமே கேட்கிற ஆட்கள் இவர்கள். கையுறை ஆலை மூடினாலும் செம்பனை ஆலையில் கொதிகலன் இருக்கிறது. பேரங்காடிக்கும் மருத்துவமனைக்கும் மின்சாரம் வேண்டும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தொழில் கைமாறிய ஊரில் பிறந்த பையனுக்கு இது உடனே புரிந்தது. “மாமா, அப்ப கம்பெனிய பாக்கக் கூடாது, வேலையத்தான் பாக்கணுமா?” என்றான்.

மச்சான் சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிந்து, ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தார். இரண்டில் பதிலே இல்லை. ஓரிடத்தில் வயதைக் கேட்டதோடு சரி. நான்காவது இடம் புக்கிட் தெங்காவில் ஓர் உணவுப்பொருள் ஆலை. நேர்முகத் தேர்வில் பொறியியலாளர் மூன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பற்றியே அரைமணி நேரம் கேட்டாராம். ஆரம்பச் சம்பளம் பழையதைவிட 300 ரிங்கிட் குறைவு. அக்காவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். திறன் சான்றிதழ் வந்ததும் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

இப்போது தினமும் விடியற்காலையில் கமுந்திங் நிலையத்தில் கொமுட்டர் ஏறுகிறார். பையன் தைப்பிங் அட்டெக்கில் மின்சாரத் துறைக்கும், ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். முடிவு அடுத்த மாதம் தெரியும்.