அரை விநாடி

ஆர்தர் சி. கிளார்க் இலங்கைத் தீவைப் பெயர்த்தெடுத்து 800 கிலோமீற்றர் தெற்கே கொண்டுபோய்ப் பூமத்தியரேகையில் வைத்தார். 1979இல் வெளிவந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில்தான். இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு, ஒரு தீவே இடம்பெயர்ந்த கதை முதலில் வேடிக்கையாக இருந்தது.

காரணம் வேடிக்கையானதல்ல. நிலத்திலிருந்து விண்வெளிவரை எழும் ஒரு கோபுரத்தின் கதை அது. அதன் அடி பூமத்தியரேகையில் நிற்கவேண்டும். பௌதிக விதியை அசைக்க முடியாது. ஆகவே தீவை அசைத்தார். அதை நூலிலேயே ஒப்புக்கொண்டும் விட்டார். கோபுரத்துக்கு வேண்டிய வலுவுள்ள இழை உலகில் இல்லை. அதைக் கற்பனை செய்தார். அதன்பிறகு சலுகை கிடையாது. காற்று, பாரம், பணம், மலையுச்சியை விட்டிறங்க மறுக்கும் பிக்குகள் என்று எல்லாவற்றுக்கும் கதை பதில் சொல்லவேண்டியிருந்தது.

நம்பகத்தன்மை என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு பொய்க்கு அனுமதி உண்டு. அந்தப் பொய்யின் செலவைக் கதை கட்டவேண்டும். எங்கள் சிறுசஞ்சிகைகளில் வந்த விஞ்ஞானக் கதைகள் பலவற்றில் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடியது. யாருக்கும் எந்தச் செலவும் இல்லை.

ஆனால் வருங்காலக் கருவியைச் சரியாக ஊகிப்பதுதான் விஞ்ஞானப் புனைகதை என்றும் நினைக்கவேண்டாம். 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் இதே கிளார்க், பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றரில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதினார். அவற்றில் மனிதர்கள் தங்குவார்கள் என்றும் எண்ணினார். அன்றைய வானொலி வால்வுகள் எரிந்துபோனால் மாற்ற ஆள் வேண்டுமே! 1947இல் திரான்சிஸ்டர் வந்தது. 1964இல் சின்கொம் 3 ஆளில்லாமலே அந்தப் பாதையில் நின்றது. கருவி பற்றிய ஊகம் பிழைத்தது. பாதைக் கணக்கு பிழைக்கவில்லை.

அந்தக் கணக்கை எங்களில் பலர் காதால் கேட்டிருக்கிறோம். தொண்ணூறுகளில் அம்மாமார் வெள்ளவத்தையில் ஏதோவொரு கொமினிக்கேசனில் வரிசையில் நின்று எங்கள் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். செய்மதி வழியாக வந்த அழைப்பென்றால், எங்கள் குரல் 36,000 கிலோமீற்றர் ஏறி, அவ்வளவு தூரம் இறங்கவேண்டும். அம்மாவின் பதிலும் அப்படியே. ஒளியின் வேகத்திலும் போய்வர ஏறத்தாழ அரை விநாடி.

"சாப்பிட்டியா?" என்று அவ கேட்பா. பதிலில்லை என்று நினைத்துத் திரும்பவும் கேட்பா. அதற்குள் எங்கள் பதில் போய் அவவின் கேள்வியில் மோதும். இருவரும் நிறுத்துவோம். மற்றவர் பேசட்டும் என்று இருவரும் காத்திருப்போம். காட்டில் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

இன்று குரல் பெரும்பாலும் கடலடிக் கேபிளில் போகிறது. அந்தத் தடங்கல் குறைந்துவிட்டது. அந்த அரை விநாடியை 1945இலேயே ஒரு பென்சிலால் கணக்கிட்டிருக்கலாம். அதற்குள் ஒரு தாய் மகனுடைய மௌனத்தைக் கோபமென்று எண்ணிக் கலங்குவாள் என்பதை ஒரு கதைதான் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும். அப்படியொரு கதையை நாம் இன்னும் எழுதவில்லை.