சட்டிக்குள்ள கண்ட மானும் கொய்யாவில கண்ட குருவியும்

மதில் கட்டுறதுக்காகக் கொய்யா மரத்தை வெட்டப்போன நாங்கள், அதாவது நானும் தங்கச்சியும், கத்தியோட அப்பிடியே நிண்டிட்டம். ரெண்டு இலையின்ர விளிம்பை ஆரோ ஊசியால தைச்ச மாதிரி ஒரு கூடு. உள்ளுக்குள்ள மூண்டு குஞ்சுகள்.

தையற்சிட்டு. பத்துக் கிராம்கூடத் தேறாத குருவி. இலை விளிம்பில அலகால துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இழுக்கும். இலை சாகாது. பச்சையாகவே இருக்கிறதால கூடு ஒருத்தருக்கும் தெரியாது. 1769 இல் பென்னன்ட் எண்ட வேல்ஸ்காரர் இதை முதன்முதல் விவரித்ததும் இலங்கைப் பறவையை வைத்துத்தான். இணுவிலில நாங்கள் அதைச் 'சின்னக் குருவி' எண்டதோட விட்டிட்டம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினம். கொஞ்ச நேரம் பார்த்திட்டு, "சருகுமானும் இப்பிடித்தானாம். பக்கத்தில கிடந்தாலும் தெரியாதாம்" எண்டா.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"சட்டிக்குள்ளதான்."

1995 ஒக்டோபரில வலிகாமமே வெளிக்கிட்ட நேரம் அம்மாவுக்குப் பதினேழு வயசு. பிறகு வன்னி. ஒருநாள் ஆரோ தந்த இறைச்சி. பசியில சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் என்னெண்டு கேட்டவாவாம். அந்தக் கதையை அண்டைக்குத்தான் முதன்முதல் சொன்னா.

சருகுமான் பெயரளவில்தான் மான். கொம்பு கிடையாது, ஆணுக்குக் கொம்புக்குப் பதிலாக நீண்ட வேட்டைப்பல். எடை மூன்று கிலோ அளவில். மண்ணிற உடம்பில இருக்கிற வெளிர் புள்ளிகளும் கோடுகளும் சருகில விழுந்த வெயில் மாதிரி. இந்தியாவில இருக்கிறதும் இதுவும் ஒண்டு எண்டுதான் கனகாலம் நினைத்திருந்தார்கள். இலங்கைச் சருகுமான் தனி இனம் எண்டு பிரித்தது 2005 இல்.

ரெண்டுக்கும் இலைதான் காவல். குருவிக்குப் பச்சை இலை, மானுக்கு விழுந்த இலை. குருவி நாள் முழுக்கக் கத்தும், கூட்டை மட்டும் ஒளிக்கும். மான் பகலில மூச்சுக் காட்டாமல் தன்னையே ஒளிக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. விடிய எழும்பி முற்றம் கூட்டி, சருகைக் குவிச்சுக் கொளுத்துற எங்கட ஊரிலயும் குருவி சமாளிக்குது. அதுக்கு ரெண்டு இலை காணும். மானுக்குக் காடு வேணும்.

மேசன் அண்ணையைக் கேட்டு வேலையை ரெண்டு கிழமை தள்ளி வைச்சம். குஞ்சுகள் பறந்த பிறகு மரத்தை வெட்டினம், மதிலும் வந்திட்டுது. இப்ப அடுத்த வீட்டுத் தேசியில இருந்து அந்தச் சத்தம் கேட்குது. இடம்பெயர்ந்தாலும் குருவிக்கு அடுத்த வளவு இருக்கு. காட்டை வெட்டினால் சருகுமான் எந்த வளவுக்குப் போகும்?