ஒரு சிட்டிகை மண்

போன தை மாதம் ஒரு மாவட்டச் சிலம்பப் போட்டியில் என் மாணவிக்கு வணக்கத்தில் இரண்டு மதிப்பெண் போனது. எட்டாவது படிக்கிற பிள்ளை. தலைத்துணியை இறுக்கிக் கட்டி, முழுக்கைச் சட்டையோடு ஆடுகிறவள். சலாவரிசை என்கிற அந்த வணக்கத்தில் மண் தொடும் இடத்தில் தலையைக் குனியவில்லையாம். நடுவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "எல்லாருக்கும் ஒரே விதிதான் மாஸ்டர். மதத்தை வெளிய வச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் செய்தது தப்பு என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. நடந்தது உள்ளரங்கம், தரையில் ரப்பர் விரிப்பு. தொடுவதற்கு மண்ணே இல்லாத இடத்தில் மண் வணக்கத்துக்கு மார்க் வெட்டுகிறார்கள்!

அவள் செய்தது ஐம்பது வருஷப் பாடம். எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வஸ்தாது உண்டாக்கியது.

வஸ்தாது ஐந்து வேளை தொழுகிறவர். அவருக்குக் கம்பு சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாரியம்மன் கோயில் பூசாரி. ஆசான் கொடுத்த சலாவரிசையில் ஒரு சுவடு மாற்றினாலும் பாவம் என்று நினைத்த மனிதர் வஸ்தாது. கூடத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல் திருநீறு பூசியவர்கள். கடற்கரைத் தெருவிலிருந்து மாதா படம் போட்ட கயிறோடு நாலு பேர் வருவார்கள். கேரளத்துக் களரி என்றால் தென்மேற்கு மூலையில் ஏழு படிப் பூத்தறை இருக்கும். எங்களுக்கு ஒரு வேப்பமரம், அதன் கீழே மண். அவ்வளவுதான்.

1974-இல் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பையன் சேர்ந்தான். மூன்றாம் நாளே அவன் வாப்பா வந்து நின்றார். "காக்கா, நெத்தியத் தரையில வைக்கிறது அல்லாவுக்கு மட்டும்தான். பையன் மண்ணுக்குக் குனியிறான்னு சொல்றாங்களே" என்றார், மரியாதையாகத்தான். வஸ்தாது சண்டை போடவில்லை. "நெத்தி படாது தம்பி, கை மட்டும்தான்" என்று சொல்லிப் பார்த்தார். அவருக்குச் சமாதானமாகவில்லை. "சரி, எட்டு நாள் குடு" என்று அனுப்பிவிட்டார்.

அந்த எட்டு நாளும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மண் தொடுவதை மட்டும் விட்டுவிட்டால் என்ன என்று எவரும் கேட்கலாம். ஆடிப் பார்த்தால்தான் தெரியும். குனியும்போது பாரம் முன்காலுக்கு வருகிறது. அந்தப் பாரத்தில்தான் பின்கால் கிளம்பி அடுத்த சுவடு விழுகிறது. குனியாமல் நின்றால் பின்கால் ஒட்டிக்கொள்ளும், வீச்சு அரைச் சுற்றில் செத்துப்போகும். போதாததற்கு, எந்த இடம் பொதபொதவென்று இருக்கிறது, எங்கே கல் கிடக்கிறது என்று மண் பார்க்கிற நேரமும் அதுதான். விரலுக்குத் தெரியாமல் காலை வைத்தால் முதல் வாரலிலேயே விழவேண்டியதுதான்.

ராத்திரி இஷா தொழுகை முடித்துவிட்டு வந்து, அரிக்கேன் வெளிச்சத்தில் தனியாக ஆடிப் பார்ப்பார். விழுவார். எழுந்து ஏதோ முணுமுணுப்பார். ஆசானிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஏழாம் நாள் பிடிபட்டது. முதுகை விறைத்து, பார்வையை எதிரியின் நெஞ்சில் நிறுத்தி, இடுப்பை மட்டும் இறக்கிப் பாதி உட்கார வேண்டும். கம்பு இடது கையில் நட்டமாக. வலது கை விரல்கள் மட்டும் தரைக்குப் போய் ஒரு சிட்டிகை மண் எடுக்கும். எழும்போது அதை இரண்டு உள்ளங்கையிலும் தேய்க்க வேண்டும்.

"கண்ணுல ஒத்திக்கிறவன் ஒத்திக்க. சிலுவை போடுறவன் போட்டுக்க. இல்லாதவன் கையில தேய். எவனா இருந்தாலும் கம்பு வழுக்கக் கூடாது" என்றார்.

இதைச் சலுகை என்கிறார்கள். அந்தப் பையன் தொடை வலியில் ஒரு வாரம் அழுதான். குனிந்து தொடுவது சுலபம், யாரும் செய்யலாம். முதுகு வளையாமல் இறங்கி விரலால் மண்ணெடுக்க ஆறு மாதம் பிடிக்கும். குனிந்த நாங்கள் ஒரு நொடி எதிரியை விட்டுவிடுகிறோம், அந்தப் பையன் விடுவதில்லை. இது புரிந்த பிறகு நானும் அப்படியே இறங்கி, எழுந்து, பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கினேன். இன்றுவரை அப்படித்தான்.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. நோன்பு மாதத்தில் சாயங்காலம் நேரடி ஆட்டம் கிடையாது. தராவீஹ் முடிந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்தான். கார்த்திகையில் மாலை போட்ட பையன்களை வஸ்தாது வாய் நிறைய "சாமி" என்பார். "சாமி, கால அகட்டி வைங்க சாமி." பத்து வயசுப் பொடியனை அடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அந்த ஒரு மண்டலம் எங்களுக்குப் பொற்காலம். ஆயுத பூஜைக்குக் கம்புகளுக்குச் சந்தனம் வைப்போம். வஸ்தாது தன் கம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொரிகடலை தின்பார்.

சலாம் வரிசைதான் சலாவரிசை. உஸ்தாத் என்பதுதான் வஸ்தாது. துளுக்காணம் என்று ஒரு ஆட்டமுறையே இருக்கிறது. மதத்தை வெளியே வை என்கிற தம்பி இதில் எதை வெளியே வைப்பார்?

அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் வந்த பிறகு தெருவுக்கு ஒரு அகாடமி. அதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சாரார், வம்பே வேண்டாம் என்று சலாவரிசையையே தூக்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் சான்றிதழ், பிள்ளைக்கு நிற்கத் தெரியாது. இன்னொரு சாரார் சூடம் கொளுத்தி, தொட்டு ஒற்றாதவன் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். எட்டு ராத்திரி விழுந்து எழ எவருக்கும் பொறுமை இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் ஜூடோ விரிப்புக்கும் அதை நிறுவிய கானோவின் படத்துக்கும் தலை வணங்க மாட்டோம் என்று வழக்கே போட்டார்கள்; 2002-இல் ஜூடோ அமைப்புகள் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பு கையில் இருக்கிறது என்பதற்காகக் குனிய மனமில்லாத பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜூடோ ஆட வந்த சவூதிப் பெண்ணின் தலைத்துணி கழுத்தை இறுக்கிவிடும் என்று முதலில் மறுத்தார்கள். பிறகு உட்கார்ந்து பேசி, இறுக்கமான தொப்பி மாதிரி ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். 82 விநாடியில் தோற்றாள், ஆடித்தான் தோற்றாள்.

என் மாணவிக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணால் முதலிடம் போனது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேப்பமரத்தடியில் நின்றாள்.

நடுவர் தம்பிகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை மார்க் வெட்டுமுன் முதுகை நிமிர்த்தி அந்தப் பாதி உட்காரலில் நூறு எண்ணும்வரை இருந்து பாருங்கள். கீழே விழாமல் எழுந்தால், தாராளமாக வெட்டுங்கள்.