வட்டு எறிந்த பீமன்

பிரவீண்குமார் சோப்தி என்ற பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு எந்த முகமும் நினைவுக்கு வராது. பீமன் என்றால் வந்துவிடும். 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில், இந்தி அறியாத நாம் வசனத்தின் துணையின்றியே அடையாளம் கண்டுகொண்ட பாத்திரம் அது. அந்த ஆகிருதியே போதுமானதாக இருந்தது.

அந்த ஆகிருதிக்கு ஒரு முன்கதை உண்டு. 1947இல் பஞ்சாபின் சர்ஹாலியில் பிறந்தவர். எல்லைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றியவர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் வட்டெறிதலில் தங்கமும் சங்கிலிக் குண்டு எறிதலில் வெண்கலமும் பெற்றார். அதே ஆண்டு கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக் குண்டுக்கு வெள்ளி. 1970இல் மறுபடியும் பாங்காக், மறுபடியும் வட்டுக்குத் தங்கம். 1974இல் டெஹ்ரானில் வெள்ளி. மெக்சிகோ, மியூனிக் ஒலிம்பிக்குகளிலும் பங்கேற்றார்; பதக்கம் கிட்டவில்லை. அர்ஜுனா விருது பெற்றார். (பின்னாளில் பீமனாகப் போகிறவருக்கு அர்ஜுனன் பெயரில் விருது!)

வட்டெறிதலை வெறும் உடல்பலத்தின் விளையாட்டு என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வட்டின் எடை 2 கிலோதான். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள், மைதானத்துக்கு முதுகு காட்டி நின்று, ஒன்றரைச் சுற்று சுழன்று அதை விடுவிக்க வேண்டும். விசை பாதத்தில் பிறந்து இடுப்பு வழியே ஏறுகிறது. கை கடைசியில்தான் வந்து சேர்கிறது. சற்று முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் வட்டு பக்கவாட்டு வலையில் போய் மோதும். வட்டு தரை தொடும்வரை வளையத்தை விட்டு வெளியேறவும் கூடாது. பேருடல் ஒன்று நாட்டியக்காரரின் கணக்கோடு சுழலும் கலை இது.

திரை அவரிடம் கேட்டது இந்தச் சுழற்சியை அல்ல, உயரத்தை மட்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது. தமிழில் அவர் நமக்குக் கிடைத்த விதமே இதற்குச் சான்று. 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் மதனின் மெய்க்காவலர் பீம்பாய் அவர்தான். மகாபாரதம் முடிந்து நான்கே மாதங்கள். பெயரைக் கேட்டதுமே அரங்கம் புரிந்துகொண்டது. கிரேசி மோகனின் சொற்கள் நாலாபுறமும் பறக்க, நடுவே அவர் மலைபோல் நின்றார். நின்றாலே சிரிப்பு வந்தது, நாமும் சிரித்தோம். இன்றும் அந்தக் காட்சியை ரசிக்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நின்றது இருமுறை ஆசியாவை வென்ற கால்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

புகழ் அரசியலில் உதவவில்லை. 2013 டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி சார்பில் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்த ஆண்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார். 2021 இறுதியில், பதக்கம் வென்ற வீரர்களுக்குப் பஞ்சாப் அரசு தரும் ஓய்வூதியம் தமக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே வருந்தினார். பீமனுக்கா இந்த நிலை என்றுதான் அப்போதும் பலர் கேட்டார்கள். வட்டெறிந்தவருக்கா என்று கேட்டவர்கள் குறைவு.

2022 பிப்ரவரி 7 அன்று, 74ஆம் வயதில் காலமானார். மறுநாள் செய்திகளின் தலைப்பில் பீமன் இருந்தான். பாங்காக்கின் இரண்டு தங்கங்களைத் தேடிச் சில பத்திகள் கீழே இறங்க வேண்டியிருந்தது.