ரயில் ஓடும் பாட்டு

2015இல் மறைந்த நாகூர் ஈ.எம்.ஹனீபாவின் பாட்டுகள் இன்று கைத்தொலைபேசியிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. கேட்கத் தெளிவாகவும் இருக்கின்றன. ஆனாலும் எனக்குப் பழக்கமான ஹனீபா, ரயில் சத்தத்தோடு பாடுகிறவர்.

எங்கள் வீட்டில் ஒரு கசெட் உண்டு. 1982 நோன்பு காலத்தில் வாப்பாவின் சிநேகிதரான ஓர் ஆசிரியர் பதிந்து கொடுத்தது. அவர் சைவர், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகக் குடியிருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்களிடம் றேடியோ இருந்தது, பதியும் கருவி இருக்கவில்லை. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் ஹனீபாவின் குரல் வந்ததும் மாஸ்டர் பொத்தானை அழுத்திவிடுவாராம். றேடியோவின் முன்னால் றெக்கோடரை வைத்துப் பதிகிற முறை அது. வீட்டுச் சத்தமெல்லாம் கூடவே விழும். மூன்றாவது பாட்டின் நடுவே கரையோர ரயில் தடதடத்துப் போகிறது. அது ஓய்ந்ததும், "தேத்தண்ணி ஆறுது, வாங்கோவன்" என்று மாஸ்டரின் மனைவி அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறார்.

மறுபக்கம் வர்த்தக சேவையில் வந்த சினிமாப் பாட்டுகள். முதலாவது, 'பாவமன்னிப்பு' (1961) படத்துக்காக டி.எம்.சௌந்தரராஜனும் ஹனீபாவும் சேர்ந்து பாடியது. மாஸ்டர் யோசித்துத்தான் அதை முதலில் வைத்தாரோ என்னவோ, வாப்பா கேட்டதில்லை.

பழைய பாட்டுச் சேகரிப்பவர்களோடு எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்று எத்தனை அறிவிப்பாளர்கள்! அவர்கள் பேசியதை வெட்டி எறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் பாட்டு தனியே வந்ததில்லை. படத்தின் பெயர், பாடியவர் பெயர், விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர் என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. மூதூரும் மாவனல்லையும் சாவகச்சேரியும் ஒரே பாட்டுக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

1983 ஜூலையில் மாஸ்டரின் வீட்டை எரித்துவிட்டார்கள். அலுமாரி நிறைய இருந்த கசெட்டுகளும் போயின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் சில நாட்கள் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். பிறகு கனடா. மாஸ்டரும் மனைவியும் அங்கேயே காலமானார்கள்.

சில வருடங்களுக்கு முன் அவர்களின் மகள் கொழும்புக்கு வந்தபோது எங்கள் வீடு தேடி வந்தார். கசெட்டைப் போட்டேன். ரயில் வந்ததும், "எங்கட ரயில்" என்று சிரித்தார். தாயின் குரல் வந்தபோது பேசாமல் கையைக் காட்டினார்; திருப்பிப் போட்டேன். அம்மாவின் குரல் தங்களிடம் வேறெதிலும் இல்லை என்றார். ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பார். பிறகு ஹனீபாவின் மிச்சப் பாட்டுகளையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தப் பக்கத்தை இறுவட்டில் மாற்றி அவருக்குக் கொடுத்துவிட்டேன். மறுபக்கத்தில் கடைசிப் பகுதி ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கிறது. புறக்கோட்டையில் இப்போதும் கசெட் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன், எதையும் வெட்டவேண்டாம் என்று சொல்லி.