ஒரே வீட்டார் என்பவர் யார்?



பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி வாங்குவது பற்றி நம் குடும்பங்களில் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். கேட்பவர் வீட்டுப் பிள்ளையின் கையில் கைப்பேசி இருக்கும். அதில் இலவச விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த இலவசத்தை நான் ஓர் ஆண்டு அருகிலிருந்து பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள். சூதாட்டத்தின் வாடை வீசும் அந்தப் பெட்டிகளைவிட, ஒரே முறை விலை கொடுத்து வாங்கி நிம்மதியாக விளையாடும் விளையாட்டு எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது.

என் கணவர் ரியாதில் பணிபுரிகிறார். கல்லூரிக் காலத்திலிருந்தே ஸ்டீம் தளத்தில் விளையாட்டுகள் வாங்கிச் சேர்த்தவர். நூற்றுக்கும் மேற்பட்டவை அவர் கணக்கில் இருக்கின்றன. கருவியை மட்டும் வாங்கினால் போதும், வாப்பாவின் விளையாட்டுகளைப் பிள்ளைகள் விளையாடிக்கொள்வார்கள் என்பதே எங்கள் கணக்கு. அதனால் நின்டெண்டோ ஸ்விட்ச் தொடக்கத்திலேயே விலகிப்போயிற்று. அதற்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். எஞ்சியவை கையடக்கக் கணினிகள். ஆசுஸ் நிறுவனத்தின் ராக் அல்லை இந்தியாவில் முறையாக விற்பனையாகிறது, திரையும் கூர்மையானது. லெனோவோவின் லீஜன் கோ 8.8 அங்குலத் திரை கொண்டது. என் மகளின் கைக்கு அது மிகுந்த கனம். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி திரை கொண்ட ஸ்டீம் டெக் 7.4 அங்குலம், 640 கிராம். ஆனால் அதை வால்வ் நிறுவனம் இந்தியாவில் விற்பதில்லை. லண்டனிலிருந்து வந்த என் தம்பிதான் வாங்கி வந்தான். பழுதானால் இங்கே உத்தரவாதம் செல்லாது என்பதை அறிந்தே வாங்கினோம்.

அதைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான்தான் காரணம். மேற்புறம் உள்ள மின்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளையாட்டு அந்த இடத்திலேயே உறங்கிவிடும். மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலேயே விழிக்கும். விண்டோஸில் ஓடும் கருவிகளில் இந்த உறக்கத்தை அவ்வளவாக நம்ப முடியாது. பாங்கு ஒலித்த பிறகு, "இதோ, இந்தக் கட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் உம்மா" என்று சொல்ல என் மகனுக்கு இப்போது வழியில்லை. ஒரு தாய்க்குச் செயலியின் வேகத்தைவிட இது பெரிது.

கருவி வந்த பிறகுதான் பகிர்வின் விதிகளை ஊன்றிப் படித்தோம். ஸ்டீம் குடும்பத்தில் ஆறு பேர் வரை இருக்கலாம். ஒருவர் வாங்கியதை மற்றவர் தம் கணக்கிலேயே விளையாடலாம், சேமிப்பும் தனித்தனி. முன்பிருந்த பகிர்வு முறையில் உரியவர் ஒரு விளையாட்டைத் திறந்தாலே நூலகம் முழுவதும் மற்றவருக்கு மூடிக்கொள்ளும். இப்போது வெவ்வேறு விளையாட்டுகளை ஒரே நேரத்தில் விளையாடலாம். ஒரே விளையாட்டை இருவர் விளையாட மட்டும் இரண்டு பிரதிகள் வேண்டும். பகிர்வுக்கு வராத விளையாட்டுகளும் உண்டு. பிள்ளைகளுக்கு நேர வரம்பு வைக்கலாம். அவர்கள் கேட்பதை நாம் பார்த்து ஒப்பிய பிறகே வாங்க முடியும். எல்லாம் நன்று. ஆனால் இந்த ஏற்பாடு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கானது. கணக்குகளும் ஒரே நாட்டைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். கணவரின் கணக்கு சவூதியில் இருக்கிறது.

"வாப்பா நம் வீட்டு ஆள் இல்லையா?" என்று மகள் கேட்டாள். வளைகுடாவுக்கு ஆளனுப்பிய எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்விதான். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், இந்தக் கருவியின் விலை எல்லாம் அவர் அனுப்பியவை. ஆனாலும் அந்த விதியின் கண்ணுக்கு அவர் வேறு வீட்டார்.

சுற்று வழிகள் இருந்தன. இணைய இருப்பிடத்தை மாற்றிக் காட்டலாம் என்றான் மகன். கடவுச்சொல்லைக் கொடுத்தாலே போதும் என்றார்கள் தெரிந்தவர்கள்; அதையும் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. கணவர் தொலைபேசியில் சொன்னது இதுதான்: "ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தித்தானே கணக்குத் தொடங்கினேன்? அதுவும் வாக்குத்தான். இல்லாத முகவரியைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தொடங்கி வைக்க வேண்டாம்." நூறு விளையாட்டுகள் அங்கேயே தங்கிவிட்டன. நான் என் பெயரில் கணக்குத் தொடங்கி, தள்ளுபடி வரும்போது ஒன்றிரண்டாக வாங்கத் தொடங்கினேன். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். மூன்று இடங்கள் காலி.

அந்தக் காலி இடங்கள்தாம் அடுத்த சங்கடம். மேலப்பாளையத்திலிருக்கும் என் ராத்தா, "இடம் சும்மாதானே கிடக்கிறது, என் மகனையும் சேர்த்துவிடு" என்றார். நாடு ஒன்றுதான், வீடு வேறு. ஒருவரைச் சேர்த்து விலக்கினால் அந்த இடத்தை ஓராண்டு நிரப்ப முடியாது. என் பிரதியில் விளையாடி ஒருவர் ஏமாற்று வேலை செய்து தடைபெற்றால், தடை என்மீதும் விழக்கூடும். இவற்றையெல்லாம் ராத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளையைச் சந்தேகிப்பதாக ஆகியிருக்கும். "அவர் வாப்பாவையே சேர்க்க முடியவில்லை ராத்தா" என்று மட்டும் சொன்னேன். "நான் உனக்கு வேறு வீடா?" என்றார். இரண்டு வாரம் அழைக்கவில்லை. பெருநாளுக்கு அவர் மகனின் கணக்குக்கே ஒரு விளையாட்டைப் பரிசாக அனுப்பினோம். பையனுக்கு மகிழ்ச்சி, ராத்தா இன்னும் அவ்வப்போது சொல்லிக் காட்டுவதுண்டு.

நாங்கள் முதலில் வாங்கியது ஸ்டார்டியூ வேலி. 2016இல் எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கிய பண்ணை விளையாட்டு. விதைப்பது, நீர் ஊற்றுவது, மீன் பிடிப்பது என்று அமைதியாகப் போகும். கணவரிடம் அவருடைய பிரதி இருந்தது, இங்கே எங்களுடையது. பகிர்வுக்குத்தான் நாட்டு எல்லை. இணையத்தில் சேர்ந்து விளையாட எல்லை இல்லை. கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்தால் திரையை இரண்டாகப் பிரித்து மகனும் மகளும் ஒரே பிரதியில் ஆடலாம். வாப்பா ரியாதிலிருந்து அதே பண்ணைக்கு வந்துவிடுவார். மே விடுமுறைக்கு ராத்தா மகன் வந்தபோது இன்னொரு கைப்பிடியை இணைத்து அவனும் சேர்ந்துகொண்டான். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அந்த விளையாட்டில் பன்றி வளர்க்கலாம். பழத்தைப் பீப்பாயில் இட்டு மது வடிக்கலாம். பாலைவனத்தில் சூதாட்டக் கூடமும் உண்டு. எதையும் கட்டாயம் செய்ய வேண்டியதில்லை. எங்கள் பண்ணையில் பன்றிக் கொட்டில் இல்லை. பழமெல்லாம் ஜாம் ஜாடிக்குப் போகிறது. மகள் இதை நான் சொல்வதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள். மதுவில் கிடைக்கும் பணத்தைப் பற்றி மகன் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினான். அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு மூவரும் பண்ணையில் கூடுகிறார்கள். ரியாத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. ஆகவே கோடையில் ஆட்டத்தின் நடுவே அங்கே மஃரிப் வந்துவிடும். வாப்பா கருவியை வைத்துவிட்டு எழுந்து போவார். அவருடைய உருவம் வயலோரம் அசையாமல் நிற்கும். பண்ணையில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 14 நிமிடம். இரவு 2 மணிக்குள் படுக்கைக்குப் போகாதவர் மயங்கி விழுந்துவிடுவார். மகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மகள் தன் பாத்திக்கு நீர் ஊற்றிவிட்டு, வாப்பாவின் பாத்திக்கும் ஊற்றிவிட்டு, கதவருகே நின்றுகொண்டிருப்பாள்.