மொட்டைத் தலையும் ஒரு முன்னுரையும்

கதை எழுதுகிறவனுக்கும் அதற்குப் படம் போடுகிறவருக்கும் உள்ள உறவு சம்பந்திகள் உறவு மாதிரி. உபசாரத்துக்குக் குறைவிராது, உள்ளுக்குள் மனத்தாங்கலும் இருந்துகொண்டே இருக்கும். "என் கதாநாயகி இவ்வளவு பருமன் இல்லையே!" என்று நான் நினைப்பேன். "இந்த மனுஷர் ஒரு நாள் முன்னதாக அத்தியாயத்தை அனுப்பினால் என்ன?" என்று அவர் நினைப்பார்.

நம் சித்திரக்கார நண்பருக்குச் சொந்த ஊர் பழனி. தோளில் புரளும் தலைமயிர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு நாள் டெலிபோனில் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "யார் சார் இருமுவது?" என்று கேட்டார்.

"குழந்தைதான். பனி ஒத்துக்கொள்ளவில்லை."

"போன அத்தியாயத்துக்குப் பேசினபோதும் இருமினதே? அதற்கு முந்தின அத்தியாயத்துக்கும்?"

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வாரக் கணக்கு மறக்காது. ஆனால் என் ஆறு வயது மகளின் இருமலுக்கு அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. அவர் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஆட்டோவுடன் வாசலில் வந்து நின்று, தமக்குத் தெரிந்த டாக்டரிடம் எங்களை அழைத்துப் போனார். பரிசோதனைகள் நடந்தன. காசநோய் என்றார் டாக்டர். ஆரம்ப நிலைதான், ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும், இவளிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் என்ற பயமும் வேண்டாம் என்றார். எனக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. என் பாட்டி அந்த வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். இத்தனை படித்த நானும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "சளி" என்றேன்.

நாலு மாதம் கழிந்தது. கோடை விடுமுறை வந்தது. "கோடைக்கானலில் அக்கா வீடு இருக்கிறது. பாப்பாவை அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார் நண்பர்.

டாக்டரைக் கேட்டோம். "தாராளமாகப் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். குணம் மருந்தில் இருக்கிறது, மலையில் இல்லை" என்றார்.

அவர் சொன்னதற்கு நம் சென்னையே சாட்சி. ஒரு காலத்தில் இந்த வியாதிக்கு மலைக்காற்றும் சானடோரியமும்தான் கதி என்று உலகமே நம்பியது. 1956-இல் சென்னையில் ஆரம்பித்த ஆராய்ச்சியில், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல ஆகாரமும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களை நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயே விட்டு, அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்திருந்தார்கள்! இதைச் சொல்லி, பின் எதற்கு மலை என்று நண்பரிடம் வாதாடினேன்.

"நாலு மாதமாகக் குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, சார். கொஞ்சம் ஏரியைப் பார்க்கட்டுமே" என்றார்.

எனக்கு வேறொரு தயக்கம். "அக்கா வீட்டிலும் சிறிசுகள் இருக்கின்றன. மூச்சிரைப்பு என்று சொல்லிவிடுங்களேன்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பழனி ஸ்டேஷனில் எங்களை எதிர்கொண்டவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை மழமழவென்று மொட்டை. சந்தனம் வேறு. "என்ன இது?" என்றேன். "வெயில், சார்" என்றார்.

மலைமேல் அக்கா வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். மறுநாள் விடிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பாப்பாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா? வெறும் வயித்திலதானே குடுக்கணும்?"

நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தம்பி முதல்லயே சொல்லிட்டான். இங்க ஒரு டாக்டரைக் கேட்டேன், பயமில்லைன்னார். அப்புறம்தான் கூட்டிட்டு வாடான்னேன்."

அந்தத் தரையில் எத்தனை கட்டங்கள் இருந்தன என்பதை இன்றும் என்னால் சொல்ல முடியும்.

சாயங்காலம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். 1936-இல் இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் கட்டிய கோயில். வானம் தெளிந்திருந்ததால் கீழே வெகு தூரத்தில் பழனி மலை தெரிந்தது. அங்கேதான் என் மகள், "மாமா, உங்களுக்கு ஏன் மொட்டை?" என்று கேட்டு வைத்தாள்.

"உனக்காக வேண்டிக்கிட்டானாம்" என்றாள் அக்கா. "மருந்து முடியட்டும்டான்னேன். கேட்டாத்தானே?"

"அட்வான்ஸ்" என்று சொல்லி நண்பர் தலையைத் தடவிக்கொண்டார்.

இத்தனை உபகாரத்துக்கு நான் என்ன செய்ய முடியும் என்ற கவலையை அவருடைய அத்தான் தீர்த்து வைத்தார். புறப்படும் அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். குறிஞ்சி ஆண்டவர் பேரில் நூற்றெட்டு வெண்பா, முன்னுரை வேண்டும். மூன்றாவது பாட்டிலேயே தளை தட்டிற்று. முப்பதாவதுக்குப் பிறகு எது தட்டவில்லை என்று தேட வேண்டியிருந்தது. முன்னுரை என்ற பெயரில் கண்டதையும் புகழும் எழுத்தாளர்களை நான் பல மேடைகளில் கேலி செய்திருக்கிறேன்.

முன்னுரை எழுதினேன். 2018-இல் குறிஞ்சி பூத்ததைப் பற்றி ஒரு பக்கம், கோயிலைப் பற்றி ஒரு பக்கம், அந்த வீட்டின் வெந்நீரைப் பற்றி ஒரு பக்கம். பாட்டுகளைப் பற்றி ஒரே வரி: அவற்றில் பக்தி இருக்கிறது என்று. அது பொய்யில்லை.

அட்டைப் படம் நம் நண்பருடையது. நேற்று கொண்டுவந்து காட்டினார். கோயில் படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். முகம் என் மகளுடையதேதான். மருந்து இன்னும் ஒரு மாதம் பாக்கி.

"அவள் இவ்வளவு பருமன் இல்லையே?" என்றேன், வழக்கம்போல.

"ஆவாள், சார்" என்றார்.